பெயரைத் தேடிய பேரன்

பேரன் என்னும் சொல்லைப் பெயரன் என விரித்துப் பார்த்தால் அதன் உட்பொருள் தெளிவாகும். பாட்டனுடைய பெயரைத் தாங்கி நிற்பவன் என்பதே அப்பொருள். யாழ்ப்பாணத்திலே பாட்டனையும் பேரன் என்றே அழைப்பர். பிள்ளையின் பிள்ளையைப் பேரப்பிள்ளை என்பர். பெயரைத் தருபவரும் பெறுபவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். குடும்பம் தன்னை நினைவில் வைத்துக்கொள்வது பெயர்களின் வழியாகவே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும், தலைமுறை தலைமுறையாக மாறாது வரும் குடும்பப் பெயர் என்பது நம்மவரிடையே பொதுவாக இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக அமைகின்றது. மகனுடைய மகனுக்கு அவ்வெழுத்தும் மாறிவிடுகின்றது. மேல்நாட்டார் வழக்கம் வேறு. அவர்களுக்குக் குடும்பப் பெயர் பரம்பரைச் சொத்து. வீடும் நிலமும் கைவிட்டுப் போனாலும் பெயர் போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆயின், 1880ஆம் ஆண்டுக்கும் 1924ஆம் ஆண்டுக்கும் இடையில் இத்தாலியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிற் பலருக்கு அச்சொத்தும் நிலைக்கவில்லை. கடல் கடந்து ஒரு தலைமுறை கழியுமுன்னரே பெயர் வேறாயிற்று. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று பழைய பெயரைத் தேடுகின்றனர். அத்தகைய தேடல் ஒன்றில் நாமும் பங்குகொள்ள நேர்ந்தது.

எம் தமையனாரின் மகள், அதாவது எமது பெறாமகள், நியூ ஜேர்சி மாநிலத்தில் வாழ்கின்றாள். அவள் மணந்தவர் இத்தாலிய வழிவந்தவர். அவர்களுடைய மகனுக்குக் குடும்ப மரம் ஒன்று வரைந்து வருமாறு பாடசாலை உபாத்தியாயர் பணித்தார். தாய்வழியைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. நாம் தொலைபேசியிற் சொல்லச் சொல்ல ஆறு தலைமுறைப் பெயர்களை அவன் எழுதிக்கொண்டான். தந்தை வழியிலோ, பாட்டன், பூட்டன் என்று ஏறிச் சென்ற மரம் ஓட்டனோடு நின்றுவிட்டது. அந்த ஓட்டனாரே இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர். அவருக்குத் தாய் தந்தையர் யாவர், ஊர் எது என்பன எவருக்கும் தெரியா.

அக்குடும்பத்தின் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. ஆங்கிலத்தில் ஒரு நிறத்தைக் குறிக்குஞ் சொல் என்று மட்டும் கூறுவோம். இத்தாலியர் ஒருவருக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டால், வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே கதையைக் கூறினர். எல்லிஸ் தீவிலே அவர் இறங்கியபோது, அங்கிருந்த உத்தியோகத்தரின் வாயில் இத்தாலியப் பெயர் நுழையவில்லையாம். அவர் தம் விருப்பப்படி ஓர் ஆங்கிலப் பெயரை எழுதிவிட்டாராம். "அப்படியென்றால் எங்கள் உண்மையான பெயர் என்ன, சின்ன அம்மப்பா?" என்று சிறுவன் எம்மைக் கேட்டான். பழைய இடாப்புகளோடு வாழ்நாளைக் கழித்த லிகிதர் ஒருவரிடம் கேட்கத்தக்க கேள்விதான். ஆகவே அவனும் அவன் தாயும் அங்கிருந்தும், நாம் இங்கிருந்தும், இணையத்தின் துணைகொண்டு தேடத் தொடங்கினோம்.

எல்லிஸ் தீவு, நியூயோர்க் துறைமுகத்திலே சுதந்திர தேவி சிலைக்கு அருகில் உள்ளது. 1892 சனவரி தொடக்கம் 1954 நவம்பர் வரை அங்கே குடிவரவு நிலையம் இயங்கிற்று. ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனூடாக அமெரிக்காவுக்குட் புகுந்தனர். 1907ஆம் ஆண்டில் மாத்திரம் அத்தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு நெருக்கடிக்குள் உத்தியோகத்தர் ஒருவர் வாய்க்கு வந்த பெயரை எழுதியிருக்கக்கூடும் என்று நினைப்பது இயல்பே. 1974இல் வெளிவந்த 'கோட்பாதர்' திரைப்படத்தின் இரண்டாம் பாகத்திலே, விற்றோ அந்தோலினி என்னும் சிறுவன் தன் ஊரின் பெயராலே விற்றோ கொர்லியோனே என்று அத்தீவிற் பதியப்படுகின்றான். அக்காட்சியைக் கண்டோர் பெயர் மாற்றக் கதையை மேலும் உறுதியாக நம்பலாயினர்.

நடைமுறையோ அவ்வாறன்று. பயணிகளின் இடாப்பு, எல்லிஸ் தீவில் எழுதப்பட்டதன்று. புறப்படுந் துறைமுகத்திலே கப்பற் கம்பனியின் ஆட்கள் எழுதியது. நேப்பிள்ஸ் நகரில் ஏறிய பயணியின் பெயரை எழுதியவருக்கு இத்தாலியப் பெயர் புதியதன்று. எல்லிஸ் தீவின் பரிசோதகர் அவ்விடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள விடைகளும் பயணியின் வாய்மொழியும் பொருந்துகின்றனவா என்று பார்த்தார், அவ்வளவே. மொழிபெயர்ப்பாளரும் அருகில் இருந்தனர். 1934 முதல் 1945 வரை நியூயோர்க்கின் நகரபிதாவாக விளங்கிய பியோரெல்லோ லா கார்டியா, தம் இளமையில் அங்கு மொழிபெயர்ப்பாளராகக் கடமை புரிந்தவர். அவருடைய தந்தையார் ஓர் இத்தாலியர்.

அப்படியாயின் பெயரை மாற்றியவர் யார்? ஒருவரல்லர், பலர். பாடசாலையிலே உபாத்தியாயர் பிள்ளையின் பெயரைச் சுருக்கினார். வேலைத்தலத்திலே மேற்பார்வையாளர் தம் காதில் விழுந்தவாறு சம்பள இடாப்பில் எழுதினார். குடிசன மதிப்புக்கு வீடு வீடாகச் சென்றவர் வேறுவிதமாக எழுதினார். எல்லோரினும் மேலாக, பெயருக்கு உரியவரே பல சமயங்களில் அதனை மாற்றிக்கொண்டார். ரொசி என்பது இறுதி உயிரை இழந்து ரொஸ் ஆயிற்று. வெண்மையைக் குறிக்கும் பியாங்கி மொழிபெயர்க்கப்பட்டு வைற் ஆயிற்று. வெர்டி என்பது கிரீன் ஆயிற்று. புகழ்பெற்ற இசைமேதை ஜுசெப்பே வெர்டி அமெரிக்காவுக்குக் குடியேறியிருந்தால் ஜோ கிரீன் ஆகியிருப்பார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முதற்பெயர்களும் தப்பவில்லை. வின்சென்சோ என்போர் ஜேம்ஸ் ஆயினர். கலோஜெரோ என்போர் சாள்ஸ் ஆயினர். கொன்செற்றா என்னும் பெண்கள் கொனி ஆயினர்.

இம்மாற்றத்தை வெறும் வசதி என்று கொள்வது பொருந்தாது. இத்தாலியரின் பெயருக்கு அந்நாளில் ஒரு விலை இருந்தது. 1891 மார்ச் 14ஆந் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, இத்தாலியர் 11 பேரை ஒரு கும்பல் சிறையினுட் புகுந்து கொன்றது. 1924ஆம் ஆண்டுச் சட்டம், இத்தாலியிலிருந்து ஆண்டுதோறும் வரக்கூடியோர் தொகையை நாலாயிரத்துக்குங் கீழே குறைத்தது. சாக்கோ, வன்செற்றி என்னும் இத்தாலியத் தொழிலாளர் இருவர் 1927 ஓகத்து மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே மரணதண்டனைக்கு உள்ளாயினர். அவர்களுடைய விசாரணை நீதியாக நடைபெறவில்லை என்பதை அம்மாநில ஆளுநர் 1977ஆம் ஆண்டிலேதான் வெளிப்படையாக அறிவித்தார். இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கா இறங்கியபோது, பிரசாவுரிமை பெறாத இத்தாலியர் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் பகைநாட்டவர் எனக் கொள்ளப்பட்டனர். 1942 ஒக்டோபரிலேதான் அப்பழி நீங்கியது.

கலைஞரும் இதற்கு விலக்கல்லர். ரொனி பெனற் என உலகம் போற்றிய பாடகர், அந்தனி டொமினிக் பெனடெற்றோ என்னும் பெயரோடு 1926இற் பிறந்தவர்; தந்தையார் கலபிரியா மலையூரொன்றிலிருந்து வந்தவர். டீன் மாட்டினின் இயற்பெயர் டீனோ குரொசெற்றி. நடிகை ஆன் பான்குரொவ்றின் குடும்பப் பெயரோ இத்தாலியனோ என்பதே. இத்தாலியர் என்னும் பொருள் கொண்ட பெயரை வைத்துக்கொண்டு வெண்டிரையில் ஏற முடியவில்லை! இவர்களுடைய பெயர் மாறிய கதை ஊரறிந்தது. கொத்தனும் நாவிதனும் தையற்காரியும் பெயரை மாற்றிய கதை வீட்டுக்குள்ளேயே மறைந்துபோயிற்று.

மறைந்ததை மீட்பதற்கு வழி உண்டு. அறிந்ததிலிருந்து அறியாததற்கு, அண்மையிலிருந்து சேய்மைக்கு, ஒவ்வொரு படியாக இறங்கவேண்டும். எடுத்த எடுப்பிலே கப்பல் இடாப்பைத் திறந்து ஆங்கிலப் பெயரைத் தேடுவோர் ஏமாறுவர். அப்பெயரோடு எவரும் கப்பலேறவில்லை. அமெரிக்காவிலே பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பின் ஏடுகள் 72 ஆண்டுகள் கழிந்தபின் வெளியிடப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் வெளிவந்தன. நாம் அவற்றிலிருந்து தொடங்கினோம். 1950, 1940, 1930 ஆகிய மூன்றிலும் ஓட்டனார் ஆங்கில நிறப்பெயரோடு காணப்பட்டார். 1930ஆம் ஆண்டு ஏட்டிலே, அவர் நாட்டுக்குள் வந்த ஆண்டு 1912 என்றும், பிரசாவுரிமை பெற்றவர் என்றும் குறிப்பு இருந்தது.

1920ஆம் ஆண்டு ஏட்டிலே அப்பெயரோடு அவர் இல்லை. பின்பு பெயரை விட்டுத் தெருவைத் தேடினோம். அதே தெருவிலே, பொருத்தமான வயதிலே, அதே முதற்பெயருள்ள மனைவியோடு ஒரு கொத்தன் வாழ்ந்தான். குடும்பப் பெயர் எழுத்துப் பிழை மலிந்து கிடந்தது. ஆயினும் இத்தாலியப் பெயரென்பதில் ஐயமில்லை. பிழைகளை நீக்கி வாசித்தபோது, அது அந்த நிறத்தையே குறிக்கும் இத்தாலியச் சொல்லாக இருந்தது. 1920க்கும் 1930க்கும் இடையிலே பெயர் மாறியிருக்கின்றது. எல்லிஸ் தீவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அங்கேயே தெளிவாயிற்று.

அடுத்த படி நியாயஸ்தலம். 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், பிரசாவுரிமை வேண்டுவோர் தாம் பிறந்த ஊர், வந்த கப்பல், இறங்கிய நாள், மனைவி மக்களின் பெயர் முதலியவற்றை மனுவிலே தெரிவிக்கவேண்டும். பெயரை மாற்ற விரும்புவோர் அதே வேளையில் நியாயஸ்தலத்தின் கட்டளையைப் பெறவும் வழியிருந்தது. ஓட்டனாரின் மனு 1928ஆம் ஆண்டுக்குரியது. அதன் அடியிலே, பேனா பிடித்துப் பழகாத கையொன்று தன் இத்தாலியப் பெயரை முழுமையாக எழுதியிருந்தது. பின் தாளிலே, அவருடைய வேண்டுகோளின்படி பெயர் ஆங்கிலப் பெயராக மாற்றப்படுகின்றது என்ற கட்டளை இருந்தது. ஆக, அவர் அப்பெயரைக் கடைசி முறையாக எழுதியது அதனை விடுவதற்காகவே போலும்.

கப்பலின் பெயரும் நாளும் மனுவிலிருந்து கிடைத்தமையால், 1912ஆம் ஆண்டின் பயணிகள் இடாப்பைக் காண்பது எளிதாயிற்று. எல்லிஸ் தீவு இடாப்புகள் 2001ஆம் ஆண்டு தொடக்கம் இணையத்திலே எவரும் பார்க்கக்கூடியவாறு உள்ளன. பதினெட்டு வயது இளைஞனின் பெயர் அங்கே ஓரெழுத்தும் பிழையாது எழுதப்பட்டிருந்தது. 1907ஆம் ஆண்டு தொடக்கம் அவ்விடாப்புகளிலே ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் கேட்கப்பட்டது. அந்நிரலிலே தாயின் பெயரும், கலபிரியாவின் மலைக் கிராமம் ஒன்றின் பெயரும் இருந்தன. தந்தையின் பெயர் இல்லை. அதன் காரணத்தைப் பின்னர் கிராமத்துப் பதிவேடு தெரிவித்தது. தந்தையார் முன்னரே இறந்துவிட்டார். 1908 டிசம்பரிலே மெசினா நீரிணையின் இருகரையையும் அழித்த பூமி நடுக்கத்தின் பின்னர், அப்பகுதியிலே எஞ்சிய வாழ்வும் அரிதாயிருந்தது. மகன் புறப்பட்டான், தாய் நின்றாள்.

இச்செய்தியை ஒருவருக்குச் சொல்வதுதான் கடினமாயிருந்தது. ஓட்டனாரின் மூத்த மகள், பூட்டனாருக்குத் தமக்கை, 97ஆம் வயதிலும் தெளிந்த நினைவோடு இருக்கின்றார். எல்லிஸ் தீவுக் கதையைத் தந்தையின் வாயாலேயே கேட்டவர் அவர். எமது பெறாமகளும் மகனும் அவரிடஞ் சென்று மனுவின் பிரதியைக் காட்டினர். "என் தந்தை பொய் சொல்பவரல்லர்" என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு சிறுவன், மனுவிலே பிள்ளைகளின் வரிசையில் ஒரு வயதுக் குழந்தையாக அவருடைய பெயரும் உண்டு என்று காட்டினான். பிறந்து ஓராண்டுவரை அவர் பழைய குடும்பப் பெயருக்கே உரியவராக இருந்தார் என்பதை அவர் அறியார்.

அதன்பின் கப்பல் இடாப்பிலிருந்த தாயின் பெயரை அவன் வாசித்தான். மூதாட்டியார் நிமிர்ந்து, "அது என் பெயர்" என்றார். பாடசாலையில் வழங்கிய ஆங்கிலச் சுருக்கமன்று. ஞானஸ்நானத்தின்போது இட்ட முழுப் பெயர். தாம் பிறந்த மாதத்துத் திருநாளை ஒட்டியே அப்பெயர் இடப்பட்டதென அவர் அதுவரை நினைத்திருந்தாராம்.

தென்னித்தாலியின் வழக்கத்தை அறிந்தோருக்கு இதில் வியப்பில்லை. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர்; இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர்; பெண்மக்களுக்கும் அவ்வாறே இருவழிப் பாட்டிமாரின் பெயர். நமது பேரன், பேர்த்தி என்னுஞ் சொற்கள் உணர்த்துகின்ற அதே முறை. உலகத்தார் காணும் குடும்பப் பெயரை ஓட்டனார் விட்டார். வீட்டுக்குள் அழைக்கும் தாயின் பெயரை விடவில்லை. நாள்தோறும் மகளை அழைத்தபோதெல்லாம் அவர் தம் தாயையும் அழைத்திருக்கின்றார்.

எனின், தாமே செய்ததை உத்தியோகத்தர் தலையில் ஏன் சுமத்தினார்? அவர் வாழ்ந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் ஒருவாறு விளங்கும். 1928 என்பது சாக்கோவும் வன்செற்றியும் இறந்த அடுத்த ஆண்டு. பிள்ளைகளுக்கு ஒரு தடையை நீக்குவதற்காகப் பெயரை மாற்றினார். ஆயின், "உங்கள் பெயர் இந்த நாட்டுக்கு ஏற்றதன்று என்று கருதினேன்" என்று எந்தத் தந்தை பிள்ளைகளிடம் கூறுவான்? பெயரைப் பறிகொடுத்தோம் என்று சொல்வது, பெயரை விட்டுவிட்டோம் என்று சொல்வதினும் எளிது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அதே கதை வழங்குவதன் காரணமும் இதுவேயென எமக்குத் தோன்றுகின்றது. அதனைப் பொய் என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

ஊர் தெரிந்தபின் மரம் விரைந்து வளர்ந்தது. நேப்பிள்ஸ் இராச்சியத்திற் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு 1809ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று, சிசிலியில் 1820இல், இத்தாலி முழுவதற்கும் பொதுவாக 1866இல். அரசாங்கச் சுவடிச்சாலைகள் அந்தெனாத்தி, அதாவது மூதாதையர், என்னும் பெயராலே நடத்தும் இணையத்தளத்தில் அவ்வேடுகளிற் பலவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நேப்பிள்ஸ் மன்னர் காலத்து விவாகக் கோவைகள் தேடுவோருக்குப் பெரும் புதையல். மணமக்களின் பிறப்புப் பத்திரம், இறந்த பெற்றோரின் மரணப் பத்திரம், சிலபோது பாட்டனின் மரணப் பத்திரமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பதிவு தொடங்குமுன் பிறந்தவராயின், பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பிரதி இருக்கும். இவ்வாறு 1780ஆம் ஆண்டளவு வரை சிறுவன் சென்றுவிட்டான்.

அவ்வேடுகளில் எமக்குப் பிடித்தவை இரண்டு. பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயராலேயே பதியப்பட்டனர். ஆகவே தாய்வழியும் அறாது தொடர்கின்றது. மற்றையது, ஒருவரின் பெயரை அடுத்து, தந்தை உயிரோடிருந்தால் 'டி' என்றும் இறந்திருந்தால் 'பூ' என்றும் குறித்துத் தந்தையின் பெயரை எழுதினர். முதலெழுத்தாலே தந்தையைச் சுமக்கும் நமக்கு அது அந்நிய வழக்காகத் தோன்றவில்லை.

இத்தேடலால் வரும் பயன் யாதென்று சிலர் கேட்பர். இத்தாலிய வம்சாவளியினர் அந்நாட்டுப் பிரசாவுரிமை பெறும் வழி 2025ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பெரும்பாலும் பெற்றோர், பாட்டன் பாட்டி என்னும் எல்லைக்குட் குறுக்கப்பட்டது. ஓட்டனைக் காட்டி எதனையும் பெறமுடியாது. சிறுவனும் குடும்பப் பெயரை மாற்றவேண்டும் என்று கேட்கவில்லை. மரத்தின் ஓட்டன் கிளையிலே இரண்டு பெயர்களையும் அருகருகே எழுதி, நடுவே 1928 என்று குறித்தான்.

நம்மவரும் இன்று உலகெங்கும் பரந்துவிட்டனர். 1983இன் பின் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்குஞ் சென்றோர் குடும்பப் பெயர் கேட்கும் பத்திரங்களிலே தந்தையின் பெயரை நிரப்பினர். அது இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராகின்றது. நீண்ட பெயர்கள் குறுகுகின்றன. இதிற் குறை காண்பதற்கில்லை. வாழப்போன இடத்திலே வாழவேண்டும். ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். பாட்டன் பாட்டியரின் முழுப் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையுந் தமிழ் எழுத்திலே அதில் எழுதுங்கள். பெண்களின் பிறந்த வீட்டையும் விடாது எழுதுங்கள். பெயரை மாற்றியிருந்தால், மாற்றியவர் யார், எந்த ஆண்டில், என்ன காரணத்தால் என்பதையும் மறையாது எழுதுங்கள். காரணம் சொல்லக் கூசுவதாக இருந்தாலும் எழுதுங்கள். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அதனை வாசித்து நம்மைக் குறைவாக எண்ணமாட்டார்கள்.